நறுமணமும் நல்ல காற்றும்

நறுமணத்தை விரும்பாத மனிதர் இல்லை. அதிலும் முஸ்லிம்களாகிய நமக்கு நறுமணம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. மார்க்கத்தோடு பின்னிக் கிடக்கும் பழக்கம். வெள்ளிக்கிழமை குளித்து, தூய ஆடை உடுத்தி, கிடைத்த மணத்தைப் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குச் செல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். யாரேனும் மணப்பொருளை அன்பளிப்பாகத் தந்தால் அதை அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பள்ளிவாசல்களைத் துப்புரவாகவும் மணமாகவும் வைத்திருக்க வேண்டும் என்பதும் பெருமானாரின் கட்டளையே. இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிற்கட்டையைத் தனியாகவும், சில வேளைகளில் அதன்மேல் கற்பூரத்தை இட்டும் புகைத்தார்கள் என்றும், பெருமானாரும் இவ்வாறே செய்தார்கள் என்று கூறினார்கள் என்றும் ஹதீஸ் நூல்களிற் காண்கிறோம். திருக்குர்ஆனிலும் சுவர்க்கவாசிகளின் பானத்தைப் பற்றிக் கூறுமிடங்களில் கற்பூரமும் கஸ்தூரியும் பேசப்படுகின்றன.

ஆகவே, வீட்டில் மணம் வேண்டுமா வேண்டாமா என்பது நம் கேள்வி அன்று. எத்தகைய வீட்டில், எவ்வளவு, எந்த முறையில், யார் அருகில் இருக்கும்போது என்பதே கேள்வி. நாம் வாங்கிப் பயன்படுத்துவோர் மட்டுமல்லர். நம்மிற் பலர் அவற்றை விற்போரும் ஆவோம். எனவே இக்கேள்விக்கு மற்றவர்களைக் காட்டிலும் நாம் இரு மடங்கு கவனத்துடன் விடை காண வேண்டும்.

நம் வாணிபமும் வாசனைப் பொருளும்

தமிழ் வணிகருக்கும் இப்பகுதியின் வாசனைப் பொருள்களுக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றோர் ஊர் உண்டு. அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற புகழ் பெற்ற வணிகக் குழுவினர் நாட்டியது அது. அவ்வூருக்கு வந்து இறங்கும் கப்பலார் செலுத்த வேண்டிய தீர்வையைக் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகக் கணக்கிட வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. மணப்பொருளின் விலையே அளவுகோலாக இருந்ததென்றால், அத்துறைமுகத்தின் வாணிபம் எதைச் சார்ந்திருந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ? மலாய் மக்கள் இன்றைக்கும் கற்பூரத்தைக் ‘காப்பூர் பாருஸ்’ என்றே வழங்குகின்றனர்.

சாம்பிராணியின் வரலாறும் இத்தகையதே. அது சுமத்திராவிலும் அதன் அண்டை நாடுகளிலும் வளரும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். மலாயில் அதற்குக் ‘கெமெஞான்’ என்று பெயர். அரபு வணிகர் அதை ‘லுபான் ஜாவி’ என்றனர்; ஜாவா நாட்டுப் பிசின் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லே ஐரோப்பியர் வாயில் திரிந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. பெயரொன்று மாறி மாறி உலகைச் சுற்றியதிலிருந்தே பண்டம் சுற்றிய தூரத்தை அறிந்து கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கு வந்த நம்மவர் 1820-களிலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும், தெலுக் ஆயர் வீதியில் அல்-அப்ரார் பள்ளிவாசலையும் நிறுவினர். அவற்றைச் சுற்றி எழுந்த கடைகளில் மளிகையும் துணியும் விற்றது போலவே சாம்பிராணியும் அத்தரும் விற்றனர். இன்றும் சிராங்கூன் சாலையிலும், டன்லப் வீதியில் அப்துல் கபூர் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஊதுவத்திக் கட்டுகள் அடுக்கி இருப்பதைக் காணலாம். கம்போங் கிளாமில் அரபு வீதிப் பக்கம் சென்றால் அத்தர்க் குப்பிகளும் அகிற்சிராய்களும் கண்ணாடிப் பேழைகளில் மின்னுகின்றன. இவ்வளவு நெடுங்காலத் தொடர்புள்ள பொருளைப் பற்றிய முழு உண்மையையும் அறிந்து வைத்திருப்பது நம் கடமையல்லவா?

புகை என்பது யாது?

மணம் வேறு, புகை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல தவறுகளுக்கு வேர். ரோஜா மலரும் மல்லிகையும் மணக்கின்றன, அவை புகைவதில்லை. கையிற் பூசிய அத்தர் மணக்கிறது, அதுவும் புகைவதில்லை. மணப்பொருளைக் கொளுத்தும்போதோ மணத்துடன் புகையும் பிறக்கிறது.

எந்தப் பொருளும் முழுமையாக எரியாமற் கனியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் சில வாயுக்களும் வெளிப்படும். இத்துகள்களுள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவற்றை விஞ்ஞானிகள் ‘பி.எம். 2.5’ என்கின்றனர். மனிதத் தலைமயிரின் பருமனை முப்பதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் இதன் அளவு. மூக்கிலுள்ள மயிரும் சளியும் பெரிய தூசியைத் தடுத்து விடும். இந்நுண்துகளோ எல்லாத் தடையையும் கடந்து நுரையீரலின் அடியிலுள்ள காற்றறைகள் வரை சென்று தங்கும். 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 15 மைக்ரோ கிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டு வரையறுத்தது.

ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் சுமார் 45 மில்லி கிராம் துகள் வெளியாகிறது என்றும், ஒரு கிராம் சிகரெட்டோ சுமார் 10 மில்லி கிராமே வெளியிடுகிறது என்றும் ஆராய்ச்சியாளர் அளந்து கூறியிருக்கின்றனர். ஊதுவத்தி கொளுத்துவது சிகரெட் குடிப்பதற்குச் சமம் என்பது இதன் பொருளன்று. சிகரெட்டின் புகையை ஒருவர் நேராக உள்ளிழுக்கிறார், ஊதுவத்தியின் புகையோ அறையில் கலந்து பரவுகிறது. ஆயினும், ‘இது வெறும் வாசனைதானே’ என்று நாம் அலட்சியமாகச் சொல்வது சரியல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

துகளோடு பார்மால்டிஹைடு, பென்சீன் முதலிய வாயுக்களும் புகையிற் கலந்துள்ளன. இவ்விரண்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது. ‘எங்கள் சரக்கு இயற்கைச் சரக்கு’ என்று சிலர் கூறுவர். விறகும் இயற்கைதான், அதன் புகை கண்ணைக் கரிக்கவில்லையா? இயற்கைப் பொருளாயினும் எரிந்தால் எரிந்த பொருளின் குணத்தையே காட்டும்.

சிங்கப்பூரிலேயே நடந்த ஆராய்ச்சி

இது எங்கோ தூர தேசத்து விஷயம் என எண்ண வேண்டாம். இவ்வூரிலேயே, அதுவும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த மக்களிடையே, பெரியதோர் ஆராய்ச்சி நடந்துள்ளது. 1993 முதல் 1998 வரை 45 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்ட சீனர் 63,257 பேரை அதிற் சேர்த்து, அவர்களின் உணவு, பழக்க வழக்கம் யாவற்றையும் கேட்டுக் குறித்துக் கொண்டனர். சீனர் இல்லங்களில் ஊதுவத்தி கொளுத்தி வழிபடும் வழக்கம் பரவலாக உண்டு என்பதை நாமறிவோம். அதைப் பற்றியும் வினவினர். பிறகு பல ஆண்டுகள் அவர்களது உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்தனர்.

2008 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் முடிவு புற்றுநோயைப் பற்றியது. நெடுங்காலம் ஊதுவத்திப் புகையிற் பழகியவர்களிடையே வாய், தொண்டை, குரல்வளை முதலிய மேற்சுவாசப் பாதைப் புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. நுரையீரற் புற்றுநோயை மொத்தமாக எடுத்துக்கொண்டால் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ‘ஸ்குவாமஸ்’ எனப்படும் ஒருவகைப் புற்றுநோய் மட்டும் சுவாசப் பாதை முழுவதிலுமே அவர்களிடம் அதிகமாய் இருந்தது. 2014-ல் வெளிவந்த இரண்டாவது முடிவு இருதயத்தைப் பற்றியது. ஊதுவத்திப் பழக்கத்தை விடாதவர்கள் இருதய, இரத்தக் குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 சதவீதம் அதிகமாக இருந்தது. பக்கவாதத்தால் இறக்கும் அபாயம் 19 சதவீதம் அதிகம்.

இம்முடிவுகளை அளவறிந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய ஆராய்ச்சி இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதைக் காட்டுமே தவிர, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தனித்து நிரூபிக்க இயலாது. 12 சதவீதம் என்பது ஒவ்வொருவர் தலையிலும் விழும் இடியும் அன்று. எப்போதேனும் ஒரு நாள் மௌலிது மஜ்லிஸில் சாம்பிராணி போட்டவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில், அடைத்த வீட்டுக்குள் புகையை நிரப்புவோர் சிந்திக்கவே வேண்டும்.

‘அது சீனர் ஊதுவத்தி, நம்முடையது அகிலும் சாம்பிராணியும் ஆயிற்றே’ என்பாருக்கும் விடை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வீடுதோறும் கரியின்மேல் இட்டுப் புகைக்கும் ‘பக்கூர்’ வகைகளை அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் அறை ஒன்றில் கொளுத்திச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டனர். நுண்துகளும், கார்பன் மோனாக்சைடும், பார்மால்டிஹைடும் அப்புகையிலும் இருந்தன. அப்புகை பட்ட மனித நுரையீரல் உயிரணுக்களில் அழற்சிக்குரிய அறிகுறிகள் தோன்றின. மரம் எதுவாயினும், கொளுத்துவோர் யாராயினும், நுரையீரல் ஒன்றுதான்.

வீடு மாறியது, வழக்கம் மாறவில்லை

‘எங்கள் வாப்பாவும் பாட்டனாரும் போடாத சாம்பிராணியா? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!’ என்று கேட்போர் பலர். இக்கேள்வியை இகழ்ந்து தள்ளக் கூடாது. அதில் ஓர் உண்மை உண்டு. ஊரிலுள்ள நம் பழைய வீடுகளில் முற்றமும் திண்ணையும் இருந்தன. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியே காற்று ஓயாது போய் வந்தது. புகைச்சட்டியை அறை அறையாகக் கொண்டு சென்றால், அடுத்த கால் மணியில் புகை கூரை வழியே வெளியேறிவிடும். மணம் மட்டுமே துணிமணிகளில் தங்கும். சிங்கப்பூரிலும் பழைய கடைவீடுகளை உயர்ந்த தளத்துடனும், நடுவே வானம் பார்த்த திறப்புடனும் கட்டினர்.

எனினும் பழையதெல்லாம் காற்றோட்டம் மிக்கதென்று எண்ணிவிடலாகாது. ஒரே கடைவீட்டைப் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாக்கி, சன்னலே இல்லாத பொந்துகளில் மக்களைக் குடியேற்றிய காலமும் இருந்தது. அந்நிலையை ஆராய வந்த பேராசிரியர் சிம்சன், 1907-ல் அளித்த அறிக்கையில், முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கட்டடங்களுக்கு நடுவே சந்துகளை வெட்டிக் காற்றும் வெளிச்சமும் புக வழி செய்ய வேண்டும் என்றார். இன்று தேக்காவிலும் பிற பழைய வட்டாரங்களிலும் நாம் காணும் பின்சந்துகள் அந்த யோசனையின் பயனாக வந்தவையே. காற்று உயிர் காக்கும் பொருள் என்பதை இந்நகரம் நூறாண்டுகளுக்கு முன்பே பாடமாகப் படித்தது.

1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அடுக்குமாடிகள் எழுந்தன. சன்னல்கள் நிறைந்த நல்ல வீடுகள்தாம் அவை. ஆனால் பின்னர் குளிர்சாதனம் வந்தது, சன்னல்கள் மூடிக்கொண்டன. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நம் வீடுகளில் சுவரில் மாட்டியுள்ள குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. எனவே மஃரிபுக்குப் பின் சாம்பிராணி போட்டு, கதவடைத்து, குளிர்சாதனத்தைத் திறந்து வைத்துக் குழந்தை குட்டிகளோடு உறங்கும் குடும்பம், அந்தப் புகையையே இரவெல்லாம் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது. பாட்டனார் போட்டதும் இதே சாம்பிராணிதான். ஆனால் அவர் இருந்தது இந்த வீடன்று.

கரியின் மறைந்த தீங்கு

அகிலும் பக்கூரும் தாமாக எரிவதில்லை. கரி நெருப்பு வேண்டும். கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று இந்நாளில் விற்பனையாகும் வகைகளிலும் கரித்தூளே எரிபொருளாக அமைந்திருக்கிறது. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராண வாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி இவை இதன் முதல் அறிகுறிகள். காற்றோட்டமில்லா அறையில் கரி நெருப்பை வைத்து உறங்கியோர் விழிக்காமலே போன செய்திகள் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. மணமில்லாத இந்நஞ்சு நல்ல மணத்தின் மறைவில் வருவதால் யாரும் ஐயுறுவதில்லை.

உறங்கச் செல்லுமுன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் உம்மத்துக்குச் சொல்லிச் சென்றார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கூறிய அந்த ஒரு பாடத்தைக் கடைப்பிடித்தாலே தீ விபத்திலிருந்தும் இவ்வாயுவின் கேட்டிலிருந்தும் நாம் தப்பலாம். மின்சாரத்தால் சூடேறும் தூபக்கால் கடைகளில் கிடைக்கிறது. கரி இல்லாததால் கரியின் வாயுவும் அதில் இல்லை. சூட்டைக் குறைத்து வைத்தால் கட்டை கருகாமல் மணம் மட்டும் மெல்ல எழும். ஆயினும் அதுவும் சன்னல் திறந்த அறைக்கே உரியது.

கொசுவர்த்தி, அந்துருண்டை, தெளிப்பான்

வீட்டுக் காற்றைக் கெடுப்பது தூபம் ஒன்றே என்பதில்லை. கொசுவர்த்திச் சுருளை எடுத்துக்கொள்வோம். ஒரு சுருள் முழுதும் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளிப்படுகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. டெங்கிக் காய்ச்சல் உள்ள ஊரில் கொசுவை விரட்டத்தான் வேண்டும். ஆனால் தேங்கிய நீரைக் கொட்டுவதும், வலை கட்டுவதும், மின்விசிறி போடுவதும் அதற்கு நல்ல வழிகள். மூடிய அறையில் சுருளைக் கொளுத்துவது அன்று.

அடுத்தது அந்துருண்டை. துணிப்பெட்டியில் நாம் போடும் இவ்வுருண்டைகளிற் பல நாப்தலீன் என்ற பொருளால் ஆனவை. ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதன் ஆவி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சட் காமாலை வரலாம். அது மூளையைத் தாக்கி உயிருக்கே ஊறு செய்யக் கூடும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளின் தொப்புட்கொடி இரத்தத்தைச் சோதித்து இக்குறைபாட்டைக் கண்டறிகின்றனர். எனினும், ஊரிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, அந்துருண்டை மணக்கும் பழைய துணியில் பச்சிளங் குழந்தையைச் சுற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாட்டிமாரின் அன்பைக் குறை சொல்வதற்கில்லை. துணியைத் துவைத்து வெயிலிற் போட்ட பின்பே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். இக்குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இவ்வுருண்டையே கூடாது.

பின்னர், அழுத்தினால் சீறும் தெளிப்பான்களும், மின்செருகியில் மாட்டும் வாசனைக் குப்பிகளும் இருக்கின்றன. இவற்றிற் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு மணத்துக்காகச் சேர்க்கும் லிமோனீன் என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் கலந்து பார்மால்டிஹைடையும் புதிய நுண்துகளையும் உண்டாக்குகிறது. காற்றைச் சுத்தம் செய்வதாகக் கூறி ஓசோனை வெளிவிடும் கருவிகளும் விற்கின்றன. அவற்றோடு இத்தெளிப்பானையும் சேர்த்தால் வீடே ஓர் இரசாயனச் சாலையாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஓர் உண்மை உண்டு. வீட்டில் நாற்றம் எழுந்தால் முதலில் அதன் மூலத்தைத் தேட வேண்டும். குப்பைத் தொட்டியா, ஈரச் சுவரா, குளிர்சாதனத்தின் வடிகட்டியில் பூஞ்சையா என்று பார்த்துத் துப்புரவு செய்ய வேண்டும். அழுக்குச் சட்டையின்மேல் அத்தர் பூசினால் சட்டை சுத்தமாகிவிடுமா? மார்க்கம் நமக்கு முதலிற் கட்டளையிட்டது தூய்மை. மணம் அதன் பின்னரே.

குழந்தைகளும் நோயாளரும்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதும், பிள்ளை பெற்ற தாயின் அறையில் இருவேளை புகை காட்டுவதும் நம் இல்லங்களில் அன்போடு செய்யப்படும் காரியங்கள். ஆனால் குழந்தையின் நுரையீரல் இன்னும் வளர்ச்சி முற்றாதது. அது பெரியவர்களைவிட வேகமாய் மூச்சு விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதிகக் காற்றை உட்கொள்கிறது. இளைப்பு நோயுள்ள பிள்ளைக்கு ஒரு சிறிது புகையே மூச்சு முட்டலைக் கொண்டு வரப் போதும். ஆகவே குழந்தையின் தலையைப் பருத்தித் துண்டால் துவட்டுவதே போதுமானது. முதியோர், கர்ப்பிணிகள், இருதய நோயாளர் இருக்கும் அறையையும் புகையிலிருந்து விலக்க வேண்டும்.

புகைமூட்டக் காலங்களில் இன்னும் கவனம் தேவை. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 401 என்ற உச்சத்தைத் தொட்டது நம் நினைவிலிருந்து நீங்காது. அத்தகைய நாட்களில் சன்னலை மூடவே வேண்டியிருக்கிறது. சன்னல் மூடிய வீட்டில் தூபம் கூடாது; வெளியே உள்ள புகைக்கு அஞ்சிக் கதவடைத்துவிட்டு உள்ளே நாமே புகை போடுவது எவ்வளவு பொருந்தாத செயல்!

வணிகரின் பொறுப்பு

இனி நம் கடைகளுக்கு வருவோம். வாடிக்கையாளரை ஈர்க்கக் கடைவாசலில் தூபம் போடும் வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் பத்து நிமிடம் நின்று போய்விடுவார். கல்லாவில் இருப்பவரும் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளும் பத்து மணி நேரம் அந்தக் காற்றிலேயே நிற்கிறார்கள். நமது மூக்குக்கு ஓர் இயல்பு உண்டு: ஒரே மணத்தில் சிறிது நேரம் இருந்தால் அதை அது உணர்வதில்லை. ஆகவே கடைக்காரர் ‘மணம் போதவில்லை’ என்று மேலும் மேலும் போடுகிறார். உள்ளே வருபவருக்கோ கண் எரிகிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2011 முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. சிறிய கடையும் அதற்கு விலக்கன்று. சட்டம் இருக்கட்டும், ஊரையும் உறவையும் விட்டு நம்மை நம்பி வந்து கைகட்டி நிற்கும் இளைஞரின் நுரையீரல் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?

அண்டைக் கடையையும் அண்டை வீட்டையும் எண்ண வேண்டும். அஞ்சடியிலும் அடுக்குமாடித் தாழ்வாரத்திலும் நாம் போடும் புகை அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென்று பெருமானார் தடுத்தார்கள். உணவாக ஆகுமான பொருளே ஆயினும், அதனால் பிறர் துன்புறலாகாது என்பதே அதிலுள்ள நுட்பம். நமக்கு நறுமணமாய் இருப்பது அண்டை வீட்டு இளைப்பு நோயாளிக்குத் துன்பமாய் இருக்கக் கூடும்.

சரக்கின் நேர்மையும் இதிற் சேர்ந்ததே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி விற்ற வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலேயே கண்டித்த வரலாற்றை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். மட்டமான மரத்தைச் செயற்கை எண்ணெயில் ஊற வைத்து அகில் என்று விற்பதும், சந்தன எண்ணெய்க்குப் பதிலாகப் பாரபின் எண்ணெயை அடிப்படையாக வைத்துச் செய்ததை அசல் அத்தர் என்று விற்பதும் அதே ஈரத் தானியந்தான். எரிக்கும் பொருளில் கலப்படமிருந்தால் வாங்கியவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. எரிந்த இரசாயனத்தைச் சுவாசிக்கவும் செய்கிறார். அகில் மரங்கள் அழிந்து வருவதால் அவற்றின் வாணிபம் சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ்க் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மலாக்கா அகில் 1995-லும், பிற அகில் வகைகள் 2005-லும் அப்பட்டியலில் இடம் பெற்றன. உரிய அனுமதிச் சீட்டோடு வரும் சரக்கையே வாங்குவது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்தும்.

‘இவற்றையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொன்னால் வியாபாரம் நடக்குமா?’ என்று ஐயுறுவோர் இருப்பர். சொல்லித்தான் பார்ப்போமே! ‘சன்னலைத் திறந்து வைத்துக் கொளுத்துங்கள், குழந்தை அறையில் வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லும் கடைக்காரரை மக்கள் நம்புவார்கள், நம்பியவர்கள் மீண்டும் வருவார்கள். புகையில்லாத மணம் வேண்டுவோருக்கு விற்க நம்மிடம் அத்தரும், பன்னீரும், சந்தனமும் இருக்கவே இருக்கின்றன. நல்ல நண்பனுக்குக் கஸ்தூரி வியாபாரியையும், தீய நண்பனுக்குக் கொல்லன் துருத்தியையும் பெருமானார் உவமையாகக் காட்டினார்கள். கஸ்தூரி வியாபாரியிடம் சென்றவர் வாங்காவிடினும் மணத்தோடு திரும்புவார். துருத்தியிடம் சென்றவரோ ஆடை கருகியோ நாற்றம் ஏற்றோ திரும்புவார். நம் கடைக்கு வருபவர் எதனோடு திரும்பிச் செல்கிறார் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. புகை போடும்போது எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். புகை அடங்கிய பின்பும் அரை மணி நேரமாவது திறந்திருக்கட்டும்.

2. குளிர்சாதனம் ஓடும் அறையில் எதையும் கொளுத்தாதீர்கள்.

3. நாள்தோறும் என்றிருப்பதை வாரத்துக்கொரு நாள் ஆக்குங்கள். கைநிறைய இடுவதைச் சிட்டிகையாக்குங்கள்.

4. கரிக்குப் பதில் மின்சாரத் தூபக்காலைப் பயன்படுத்துங்கள். கரி இட்டால் உறங்குமுன் நீரூற்றி அணையுங்கள்; எரியும் தூபத்தைத் தனியே விட்டு வெளியே செல்லாதீர்கள்.

5. குழந்தை, கர்ப்பிணி, இளைப்பு நோயாளி இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

6. கடையில் தூபத்தைக் காலையில் கதவு திறந்திருக்கும்போது சிறிது நேரம் மட்டும் போடுங்கள். வேலையாட்களுக்குக் கண்ணெரிச்சலோ இருமலோ உண்டா என்று கேட்டறியுங்கள்.

7. பள்ளிவாசலில் கூட்டம் சேருமுன்பே மணம் ஊட்டி முடித்துவிட்டால் தொழ வருவோருக்கு மணம் மட்டும் கிடைக்கும், புகை கிடைக்காது.

நறுமணம் அல்லாஹ் நமக்களித்த அருட்கொடைகளுள் ஒன்று. தூய காற்றோ அதனினும் பெரிய அருட்கொடை. மணமின்றி ஓராண்டும் வாழலாம். காற்றின்றி ஐந்து நிமிடம் வாழ இயலுமா? சிறிய கொடையைக் கொண்டு பெரிய கொடையைக் கெடுத்துக்கொள்ளாமல், இரண்டையும் அளவறிந்து துய்ப்பதே நன்றியறிதலாகும். நம் இல்லங்களும் கடைகளும் மணத்தாலும் நலத்தாலும் நிறைய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.